கேட் போட்டாச்சு

கல். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் முதலில் வைத்த வலது கால் அதைத்தான் சொன்னது. இடது கால் நம்பாமல் தானும் ஒரு முறை வைத்துப் பார்த்தது, அதற்கும் கல்தான். கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட கிரானைட், மாப்பிள்ளையும் பெண்ணும் நின்று மொய்க்கவர் வாங்கும் இடத்தில் போடுவார்களே, அது. ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹால் இப்போது கல்யாண மண்டபம் என்பது எனக்குத் தெரியாததில்லை, வாசலில் பெரிதாக எழுதியே வைத்திருக்கிறார்கள், ஆட்டோவிலிருந்து இறங்கும்போது படித்தேன், படித்தும் ஏன் தோன்றவில்லை, மண்டபம் என்றால் மேடையில் கல் போட்டிருப்பார்கள் என்று. பலகை இருக்கும் என்றுதானே ஒத்துக்கொண்டேன். சக்கரபாணி நியூஜெர்சியிலிருந்து வாட்ஸாப்பில் எழுதினான், நம்ம பேண்ட் 'லெவல் கிராஸிங்' கடைசியாக ஒரு தடவை மேடை ஏறணும், நாம மூணு பேரும் இருக்கும்போதே. நல்ல வேளை, இந்தக் காலத்தில் யாரும் போனில் பேசுவதில்லை, எல்லாரும் எழுதுகிறார்கள். எங்கே என்று மட்டும் கேட்டேன். இன்ஸ்டிட்யூட் ஹால், வேறெங்க, என்றான். அந்தப் பதிலுக்குத்தான் சரி என்று எழுதினேன். ரயில்வே ஆட்களின் நடனத்துக்காக வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட பர்மா தேக்கு, கீழே ஆள் குனிந்து போகும் அளவுக்கு வெற்றிடம், டிரம்மர் ரெஜி தன் கிக் டிரம்மைக் காலால் ஒரு மிதி மிதித்தால் அந்த அடி பலகை முழுக்க ஓடிவந்து என் குதிகாலில் தட்டும். வேறு எந்த மேடையிலும் இனி என்னால் முடியாது, அந்த மேடையில் முடியும். எனக்கு டிரம் கேட்பதில்லை. உள்ளே, எனக்கு நானே, இதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிக்கொள்ள முடிகிறது. வெளியே சுகிர்தாவையும் ஒரு டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. காதுக்குப் பின்னால் மிஷின் இருக்கிறது, எதிரே நின்று ஒருவர் பேசினால் பிடித்துக்கொள்வேன், ஆனால் மூன்று வாத்தியம் சேர்ந்துவிட்டால் மிஷினுக்குள் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற இரைச்சல், அதனால் வாசிக்கும்போது கழற்றிவிடுவேன், கழற்றினால் ஒன்றுமில்லை. அப்புறம் கால் மட்டும்தான். காலையில் சட்டை பட்டன் போட்டுக்கொண்டிருந்தபோது சுகிர்தா முன்னால் வந்து நின்று, நான் அவள் முகத்தைப் பார்க்கும் வரை காத்திருந்து, "என்னங்க, அவங்ககிட்ட சொல்லிட்டு ஏறுங்க. சொல்லாம ஏறாதீங்க" என்றாள். தேக்குப் பலகைம்மா, என்றேன். "எதுவா இருந்தா என்ன, சொல்லிட்டு ஏறுங்க." ஏறிவிட்டேன். சொல்லவில்லை. கல்.

"அங்கிள், நீங்க அந்த டேப் மேல வாங்க" என்கிறாள் படம் எடுக்க வந்த பெண், தாரிணி. அவள் போனில் எங்கள் பழைய படம் இருக்கிறது, ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் வந்தது, இதே மேடையில் நாங்கள் நாலு பேரும். அதே இடத்தில் அதே மாதிரி நிற்கவைத்து மறுபடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஜனங்கள் உருகிவிடுவார்கள் என்று சக்கரபாணிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழைய படத்தில் நடுவில் சக்கரபாணி, பாடகன், கழுத்தில் கிட்டார், தோள் வரைக்கும் முடி. பின்னால் டிரம்மில் ரெஜி. ரெஜிக்குப் பக்கத்தில் பேஸ் கிட்டாரோடு நான், வெறுங்காலோடு. அந்த ஓரத்தில் கீபோர்டில் கை ஊன்றி வில்ஃப்ரெட். இப்போது சக்கரபாணிக்குத் தொப்பி. ரெஜிக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வில்ஃப்ரெட் செத்துப்போய் நாளாகிறது, அவன் நின்ற இடத்தில் ஸ்டூல் போட்டு லேப்டாப் வைத்திருக்கிறார்கள், அவன் வாசிக்க வேண்டியது எல்லாம் அதில் ஏற்றியாகிவிட்டது. "வில்ஃப்ரெட்ட விட இது ஜென்டில்மேன் மேன். டைமுக்கு வர்து, ரம் கேக்கல, யார் தங்கச்சியையும் பாக்கல" என்றான் ரெஜி. சிரித்தோம், சிரித்து முடித்ததும் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். "பேர்ஃபுட் பென்னட் நீங்கதானே அங்கிள்? எங்க அம்மாகிட்ட உங்க கேசட் இருந்திச்சு. அது யார பாத்து வெச்ச ஸ்டைல் அங்கிள்?" என்று தாரிணி கேட்கிறாள், நான் சிரித்து வைக்கிறேன், என் வெறுங்காலுக்கு எத்தனை விளக்கம் வந்திருக்கிறது. ஏதோ இங்கிலீஷ்காரனைப் பார்த்துக் காப்பி அடிக்கிறான் என்றார்கள். ஏழை ஜனங்களோடு நிற்கிறானாம், அப்படி ஒரு நிருபர் எழுதினார், நான் சொல்லவே இல்லை. சுகிர்தாவின் அம்மா வேளாங்கண்ணிக்கு வேண்டுதல் என்றே சாகும் வரை நம்பினாள், என்ன வேண்டுதல், எப்போது முடியும் என்று மட்டும் என்னிடம் கேட்காமல் மகளிடம் கேட்பாள். ஜோலார்பேட்டையில் ஒரு மழை நாளில் ஷூ நனைந்துபோய்க் கழற்றினேன், அவ்வளவுதான் நடந்தது. கழற்றினதும் ரெஜியின் அடி உள்ளங்காலில் ஏறியது. காதில் ஏதோ பஞ்சு அடைத்தது போல அப்போதே இருந்தது, சளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அன்று ராத்திரி முழுக்க ஒரு அடிகூடத் தவறவில்லை. அடுத்த கச்சேரிக்குக் காய்ந்த ஷூவோடு போய், மேடைக்குப் பின்னால் கழற்றினேன். வருஷக்கணக்காக ரெஜியின் இடது பக்கம், ஹை-ஹாட் என்கிற அந்த ஜோடித் தட்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருக்கிறேன், டிரம்மும் பேஸும் ஒட்டி நிற்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். இடது காது முதலில் போனது. சட்டம் என்ன செய்யும்.

"சின் கொஞ்சம் கீழ, அங்கிள்." முகவாய் கீழே என்றால் கீழே. எங்கள் முதல் படத்தை எடுத்த ஸ்டூடியோக்காரரும் இதைத்தான் சொன்னார். பெரம்பூர் மார்க்கெட் பக்கம் மாடியில் ஒரு ஸ்டூடியோ, பின்னால் அன்னம் நீந்தும் குளம் வரைந்த திரை, அவருக்குத் தெரிந்தது கல்யாண குரூப்பும் பாஸ்போர்ட்டும்தான். உயரமானவர்கள் பின்னால், குள்ளமானவர்கள் நாற்காலியில், கை முழங்கால் மேல். கிட்டார் முகத்தை மறைக்கிறது, கீழே வையுங்கள் தம்பி, என்றார். சக்கரபாணி, "சார், நாங்க ராக் பேண்ட்" என்றான். "எந்த பேண்டா இருந்தாலும் மூஞ்சி தெரியணும்ல?" என்றார் அவர். கிட்டார்களைக் காலடியில் கிடத்தி, செத்த மீன் மாதிரி கிடந்தன, நாங்கள் நாலு பேரும் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்கள் போல நின்றும் உட்கார்ந்தும் இருந்தோம். அந்தப் படம் இப்போது யாரிடம் இருக்கிறது. வில்ஃப்ரெட்டின் தங்கை வீட்டில் இருக்கலாம். அந்த ஸ்டூடியோவில் சிமெண்டுத் தரை, சிவப்புப் பாலிஷ், வழுக்கும். எதை நினைத்தாலும் தரையில் வந்து நிற்கிறது புத்தி. மேடைகளின் பெயர் மறந்துபோகிறது, தரை மறக்கவில்லை. இஞ்சினியரிங் காலேஜ் விழாவில் வகுப்பு பெஞ்சுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டின மேடை, இடுக்கில் கால் மாட்டிக்கொண்டு பாட்டு முழுவதும் எடுக்க முடியாமல் ஒரே இடத்தில் நின்றேன், நல்ல ஸ்டைல் என்றார்கள். தங்கவயல் கிளப்பில் ஆடுகிறவர்கள் வழுக்கிச் சுழல போரிக் பவுடர் தூவின தரை, ஒவ்வொரு ஜோடி திரும்புவதும் மாவில் கோடு போடுவது போல மெல்ல வந்து காலில் தெரியும். அரக்கோணத்தில் புது வருஷ ஆட்டம், கான்கிரீட் மேல் ஜமக்காளம், அங்கே இரண்டு பாட்டுக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை, வயிற்று வலி என்று இறங்கிவிட்டேன், வில்ஃப்ரெட் இடது கையால் பேஸையும் சேர்த்து வாசித்து முடித்தான். பீச் பக்கம் ஒரு திறந்த மேடையில் எர்த் சரியில்லை, வெறுங்காலோடு தந்தியைத் தொட்டால் சுருக்கென்று இழுத்தது, மைக்குக்காரன் ஓடிவந்து, "யோவ், செருப்பு போடுயா, செத்துகித்துப் போனா நானா பதில் சொல்றது?" என்று கத்தினான். போட்டுக்கொண்டால் ரெஜி போய்விடுவான். போடவில்லை. ஷாக் அடிக்க அடிக்க வாசித்தேன், முழங்கை வரைக்கும் எறும்பு, ஆனால் டிரம் இருந்தது. அன்றைக்கு எடுத்த படத்தில் என் வாய் கோணியிருக்கும், அதை உணர்ச்சி என்று எழுதினார்கள்.

"இக்பால் பாய், அந்த ஃபேன இப்டி திருப்புங்க, அங்கிள் முடி பறக்கட்டும்." வேண்டாம். வேண்டாம் என்று சொல்வதற்குள் மைக் செட்டுக்கார இக்பால் பெரிய மண்டப ஃபேனை என் பக்கம் உருட்டிவிட்டார். இந்த முடியை நான் வளர்த்தது எதற்கு. அறுபது தாண்டின பிறகும் ராக்கரா இருக்கான் பாரு என்று சக்கரபாணி நேற்று கட்டிப்பிடித்துக்கொண்டான். மிஷினை மறைக்க வளர்த்தது. காற்று வந்தால் காதுக்குப் பின்னால் சந்தன நிறத்தில் உட்கார்ந்திருப்பது படத்தில் வரும், பெரிதாக்கிப் பார்ப்பார்கள், இதெல்லாம் இன்று ராத்திரியே ஊர் பூராவும் போய்விடும். முடியைக் கோதுகிறவன் போலக் கையைக் கொண்டுபோய் மிஷினை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டேன். உடனே எல்லாம் அடங்கியது. ஃபேன் சுற்றுகிறது, சத்தமில்லை. தாரிணியின் வாய் திறக்கிறது. சக்கரபாணி ஏதோ சொல்ல ரெஜி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், நானும் அரை நொடி தள்ளிச் சிரிக்கிறேன், இத்தனை வருஷத்தில் அரை நொடி தள்ளிச் சிரிப்பதில் நான் கெட்டிக்காரன். காது பரிசோதனையில் மாட்டிக்கொண்டதும் கெட்டிக்காரத்தனத்தால்தான். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போது அழுத்துங்கள் என்றாள் பரிசோதனை செய்த பெண். முதல் நாலைந்து கேட்டன. அப்புறம் இல்லை, ஆனால் அவள் எவ்வளவு இடைவெளியில் சத்தம் விடுகிறாள் என்பது எனக்குப் பிடிபட்டிருந்தது, பேஸ் வாசிக்கிறவனுக்கு அது பிடிபடாமல் இருக்குமா, தாளத்தில் அழுத்திக்கொண்டே போனேன், சரியாக, ஒன்றுவிடாமல். தேறிவிட்டோம் என்றுதான் நினைத்தேன். கதவைத் திறந்து வந்து எதிரே நின்று, "சார், நான் மிஷின ஆஃப் பண்ணி ரொம்ப நேரமாச்சு. நீங்க அழுத்திக்கிட்டே இருக்கீங்க" என்றாள். கோபமில்லை அவளுக்கு. நிறைய பேர் அப்படித்தான் சார், கேக்காமயே அழுத்துவாங்க, என்றாள். இல்லம்மா, மற்றவர்கள் இவ்வளவு சரியாக அழுத்தியிருக்க மாட்டார்கள்.

சொல்லிவிட வேண்டும். படம் முடிந்தது போலிருக்கிறது, தாரிணி கேமராவை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறாள், இக்பால் ஒயர்களை இழுக்கிறார், சாயங்காலக் கச்சேரிக்கு முன்னால் சத்தம் சரிபார்க்க ஒரு பாட்டு வாசித்துக் காட்ட வேண்டும், அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். யாரிடம். சக்கரபாணியிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நேற்று அவனே லேப்டாப்பைத் திறந்து கலர் கலராகக் கோடுகள் காட்டினான், இது வில்ஃப்ரெட், இது பின்னணிக் குரல், கீழே ஒரு பச்சைக் கோடு அணைந்து கிடந்தது, அதைத் தொட்டு, "இது நீதான்டா. பேஸும் சேத்துத்தான் பண்ணிக் குடுத்திருக்காங்க. நீ இருக்கியேன்னு மூடி வெச்சிருக்கேன்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஒரு விரலால் தட்டினால் நான் திறந்துகொள்வேன், வயர் செருகாத கிட்டாரை மாட்டிக்கொண்டு நான் இங்கே நின்றால் போதும், வெறுங்காலோடு, முடி பறக்க. அவன் கெட்டவன் இல்லை, அழுவான், கட்டிப்பிடிப்பான், அப்புறம் தட்டுவான். டிக்கெட் வாங்கின ஜனம் வருகிறதே, அவன் வேறென்ன செய்ய முடியும். ரெஜியிடம் சொல்லலாம். ரெஜியிடம்தான் சொல்ல வேண்டும், அவன் ரயில் ஓட்டினவன், ஆபத்து என்றால் என்ன செய்வது என்று தெரிந்தவன். டிரம்முக்குப் பின்னால் போய் அவன் தோளைத் தொட்டேன். மிஷினை மறுபடி போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை, ரெஜியின் உதடு எனக்கு மனப்பாடம். "ரெஜி, ஒரு விஷயம்" என்றேன், எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, சக்கரபாணி திரும்பிப் பார்த்தான். ரெஜி முந்திக்கொண்டான். கையால் முட்டியைத் தட்டிக் காட்டி, மெதுவாக, உதட்டைச் சுழித்து, யாருக்கும் கேட்காமல் பேசுகிறவன் எப்படிப் பேசுவானோ அப்படி, "பென், ஒன்கிட்ட மட்டும் சொல்றேன் மேன். இந்த முட்டி மாத்தினதுலருந்து கிக் பழைய மாதிரி விழல. வீட்ல ப்ராக்டிஸ் பண்ணா டொரத்தி காபி டம்ளரே ஆடலன்றா. பாட்டு பாதில இழுத்துடுவேன். நீ புடிச்சுக்கோ. நான் ஒன்ன கேட்டுத்தான் வாசிப்பேன்" என்றான். என்னை. கேட்டு. நான் தலையாட்டினேன். அவன் என் கையை அழுத்தினான். என்ன விஷயம் சொல்ல வந்தே என்று புருவத்தைத் தூக்கினான். ஒன்றுமில்லை, கல் சில்லென்று இருக்கு, என்றேன். ஷூவைப் போட்டுக்க மேன், வயசாச்சில்ல, என்றான்.

டேப்புக்குத் திரும்பி வந்து நிற்கிறேன். கல்லுக்கும் எனக்கும் நடுவில் ஒன்றுமில்லை, கல்லுக்குக் கீழே பழைய வெற்றிடமும் இல்லை, மண் அடைத்து மூடிவிட்டிருப்பார்கள், இங்கே எது அடித்தாலும் அது அப்படியே செத்துவிடும். டிரம்முக்குக் கீழே தடிமனாகக் கார்ப்பெட் வேறு. ரெஜியின் வலது முட்டியைப் பார்த்து வாசிக்கலாம், முட்டி ஏறி இறங்கினால் அடி. அது ஆபரேஷன் ஆன முட்டி, முன்போல ஏறாது, பேண்ட்டின் மடிப்பு அசைவதைத்தான் பார்க்க வேண்டும். பார்க்கலாம். பழைய நாட்களில் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பயிற்சிக்கு எங்களுக்கு இருந்தது ரெஜி அப்பாவின் தகரக் கொட்டகை, ரயில்வே கேட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, பேண்டுக்குப் பெயர் வந்ததே அதனால்தான். யார்டுக்குப் போகும் கூட்ஸ் வண்டி வந்தால் கொட்டகை முழுக்க உதறும், அந்தச் சத்தத்தில் வாசிப்பது வீண். ரெஜி ஒரு குச்சியைக் குறுக்காகப் பிடித்து, கேட் கம்பி இறங்குகிற மாதிரி இறக்கி, "கேட் போட்டாச்சு!" என்று கத்துவான். அவ்வளவுதான், பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் எல்லாரும் கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட வேண்டும், வண்டி போகும் வரை. அதற்கப்புறம் எவன் விரல் தந்தியைத் தொட்டாலும் அன்றைய டீ அவன் வாங்கி வர வேண்டும். வில்ஃப்ரெட் வாங்காத நாளில்லை. சக்கரபாணி பாடிக்கொண்டே மாட்டுவான். நான் ஒரு நாள்கூட வாங்கியதில்லை. ரெஜி குச்சியைத் தூக்குவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும், வண்டி யார்டு வளைவில் திரும்பும்போதே தரையில் ஒரு மெல்லிய உறுமல் வரும், நான் கையைத் தூக்கிவிடுவேன், என்னைப் பார்த்துத்தான் ரெஜியே கத்துவான். "இவன் காது காதில்ல மேன், சிக்னல் கேபின்" என்பான். இன்ஸ்டிட்யூட் ஹாலில் வாசிக்கும்போதும் அப்படித்தான், ரயில் லைன் பின்சுவரை ஒட்டிப் போகிறது, கூட்ஸ் வந்தால் மேடையில் நாலு பேரும் கையைத் தூக்கி நிற்போம், ஜனமும் எழுந்து கையைத் தூக்கும், அதற்காகவே வருகிறவர்கள் இருந்தார்கள். இப்போது அந்த கேட் இல்லை. சுரங்கப்பாதை போட்டுவிட்டார்கள், வரும்போது ஆட்டோ அதற்குள் இறங்கித்தான் ஏறியது.

இக்பால் கட்டை விரலைத் தூக்குகிறார். ஏசி போடவில்லை, கதவு ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கிறது, பின்பக்க வெயில் மேடை வரைக்கும் வந்திருக்கிறது. எங்கள் சொந்தப் பாட்டு, வில்ஃப்ரெட் போட்ட மெட்டு, அதைத்தான் முதலில் என்று முடிவு. ரெஜி குச்சியைக் குச்சியில் தட்டுகிறான், நாலு தட்டு, கண்ணால் பிடித்துவிட்டேன், உள்ளே போய்விட்டேன். விரலுக்குத் தந்தி தெரிகிறது, வயிற்றில் ஒட்டிய கட்டை கொஞ்சம் அதிர்கிறது, அது நான், என்னை எனக்குத் தெரிகிறது, மற்றவர்கள்தான் இல்லை. பேண்ட் மடிப்பு. அசைகிறது. ஒன்று, மூன்று, ஒன்று, மூன்று. சக்கரபாணி வாய் திறந்து கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிறான், லேப்டாப்பில் கோடுகள் ஓடுகின்றன, பச்சைக் கோடு அணைந்தே கிடக்கிறது, நான் இருக்கிறேனே. நடக்கிறது. இப்படியே நாலு நிமிஷம், அப்புறம் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், முட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது தாரிணி வந்தாள். கேமராவோடு குனிந்து, ஓடிவந்து, எனக்கும் ரெஜிக்கும் நடுவில் குந்திவிட்டாள். என் பாதத்தை எடுக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் ரெஜியின் தலை மட்டும் தெரிகிறது. நகரும்மா. சொல்ல முடியாது, பாட்டு நடக்கிறது. நான் ஒரு அடி வலது பக்கம் போனேன், கேமராவும் கூடவே திரும்பியது, அவள் என்னைப் பார்த்துச் சிரித்து அருமை என்பது போல விரலைக் காட்டினாள். கையில் எது மிச்சமிருக்கிறதோ அதை வைத்து வாசிக்கிறேன், கண்ணாடி அறையில் அழுத்தியது போல, கணக்கில், நான் பிடித்துக்கொள்வேன் என்று ஒருவன் நம்பிக்கொண்டிருக்கிறான், அவன் இழுத்துவிட்டானா, நான் ஓடிவிட்டேனா, சக்கரபாணி திரும்பி ரெஜியைப் பார்க்கிறான், ஏன் பார்க்கிறான், வழக்கமாகப் பார்ப்பதா, தவறினதால் பார்ப்பதா. நிறுத்திவிட்டால். இப்போதே நிறுத்தி, இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு. அப்போது இடது குதிகாலில் ஏதோ வந்தது. நம்பவில்லை. காலை அழுத்தி வைத்தேன். வருகிறது. கல்லுக்குள்ளிருந்து, கீழே எங்கிருந்தோ, முதலில் பூனை உறுமுகிற மாதிரி, அப்புறம் அடியாகவே, தும், தும், தும், தும், தேக்கில் வந்ததை விடக் கனமாக, கணுக்கால் தாண்டி முழங்கால் வரைக்கும். ரெஜி! முட்டி விட்டுக்கொடுத்துவிட்டது, பழைய காலைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கல்லும் பேசும் போலிருக்கிறது, நான்தான் தெரியாமல் பயந்தேன். கொஞ்சம் இழுக்கிறான், பாட்டை விட மெதுவாக வருகிறது, இழுத்துடுவேன் என்று சொன்னானே, நீ புடிச்சுக்கோ என்றானே, பிடித்துக்கொண்டேன், என் வேகத்தைக் குறைத்து அவனோடு போய்ச் சேர்ந்துகொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன், இனி எதற்குக் கண். இப்படி எத்தனை வருஷமாயிற்று. சுகிர்தா, சொல்ல வேண்டியதே இல்லை, பார், ஒவ்வொரு அடியும் வருகிறது, இன்னும் பத்து மேடை ஏறலாம், ரெஜி அடிக்க அடிக்க என் விரல் அதன் மேலேயே போய் உட்காருகிறது, ஒரு மயிரிழை பிசகாமல்.

பிறகு அது தேய்ந்தது. ஒரே சீராக, தூரம் போகிற மாதிரி. எந்த டிரம்மும் தூரம் போகாது. கண்ணைத் திறந்தேன். சக்கரபாணி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறான், வாயெல்லாம் பல். இக்பால் தன் பெட்டிக்குப் பின்னால் ஒன்றும் புரியாமல் பார்க்கிறார். டிரம்முக்குப் பின்னால் ரெஜி, ஒரு குச்சியைக் குறுக்கே பிடித்திருக்கிறான், இறக்கி முடித்த கேட் கம்பி போல. பின்ஜன்னலில் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. லேப்டாப்பில் கோடுகள் இன்னும் ஓடின, அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் விரலும் இன்னும் ஓடியது. அதுவும் நானும்தான் வாசித்துக்கொண்டிருந்தோம். சக்கரபாணி என்னைக் காட்டி, தொண்டை தெரியச் சிரித்து ஏதோ கத்தினான், டீ என்கிற வாய் அசைவு எனக்குத் தெரியும், ஜென்மத்துல மொத தடவ, டீ உன்னோடதுடா. ரெஜி சிரிக்கவில்லை. குச்சியை மெல்ல இறக்கி மடியில் வைத்தான். என் முகத்தைப் பார்த்தான், பிறகு காலைப் பார்த்தான், காலையே ரொம்ப நேரம் பார்த்தான், ஜோலார்பேட்டையிலிருந்து ஒவ்வொரு மேடையாக அவன் திரும்பி வருவது எனக்குத் தெரிந்தது. விரலை நிறுத்தினேன். ரெஜி எழுந்து, முட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, டிரம்மைச் சுற்றி வந்து எதிரே நின்றான். "எவ்ளோ நாளா மேன்?" அதைப் படிக்க உதட்டை மனப்பாடம் செய்திருக்க வேண்டியதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், என்ன சொல்லி எங்கிருந்து ஆரம்பிப்பது, அவன் தோளுக்குப் பின்னால் சக்கரபாணி சிரிப்பை அடக்க முடியாமல் லேப்டாப் பக்கம் போய்க்கொண்டிருந்தான், அதை நிறுத்தத்தான் போகிறான், நிறுத்த மட்டும்தான். அதற்குள் தாரிணி நடுவே வந்து, முகமெல்லாம் சந்தோஷமாக, கேமராவைத் திருப்பி என் கண் முன்னால் நீட்டினாள், அன்றைக்கு எடுத்ததிலேயே இதுதான் என்று சொன்னாள் போலிருக்கிறது. நான் கண்ணை மூடியிருந்தபோது எதிர்ப்பக்கம் போய் எடுத்திருக்கிறாள், பின்னால் ஒருவன் கையைத் தூக்கி நிற்கிறான், ஒருவன் குச்சியைக் குறுக்கே பிடித்திருக்கிறான். ஸ்டூல் மேல் லேப்டாப். முன்னால் வெறுங்காலோடு, முடி பறக்க, கண்ணை மூடி, ஒருவன் வாசித்துக்கொண்டிருக்கிறான். பழைய படம் எதிலும் அவன் இவ்வளவு சந்தோஷமாக இல்லை.